அரிப்புக்குப் பெயர் சூட்டுவோரும் அரிப்பைப் பார்ப்போரும்

சுத்திகரிப்பு ஆலையில் ஒரு குழாயின் வெற்றுத் தோலை முதலில் பார்ப்பவர் ஆய்வுப் பொறியாளர் அல்லர். ஷட்டவுன் காலத்தில் சாரத்தின் மீதேறி, அலுமினியத் தகட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் வெப்பக்காப்புப் பஞ்சைப் பிரித்தெடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளியே அவர். பஞ்சு எங்கே நனைந்திருந்தது, கறை எந்தப் பக்கம் இறங்கியிருந்தது, எந்த இடத்தில் துரு ஏடு ஏடாகக் கையோடு வந்தது என்பவை அவருடைய விரல்களுக்கே முதலில் தெரியும். பொறியாளர் மீயொலித் தடிமன் அளவியோடு வந்து சேரும்போது அந்த இடம் கம்பித் தூரிகையால் தேய்க்கப்பட்டிருக்கும். நனைந்த பஞ்சு குப்பையோடு போயிருக்கும்.

மெக்கானிக்கல் இன்டெக்ரிட்டி என்ற பெயரில் இந்நாட்டில் ஆண்டு முழுவதும் நடைபெறும் பயிற்சிகளில் இந்த மனிதருக்கு இருக்கை கிடையாது. அழுத்தக் கலன்களுக்கு ஏபிஐ 510, குழாய்களுக்கு 570, சேமிப்புத் தொட்டிகளுக்கு 653 என அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் விதித் தொகுப்புகள் ஓட்டல் அரங்குகளில் பாடமாக நடத்தப்படுகின்றன. போபாலுக்குப் பின் 1986இல் தோன்றிய எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககமும் இவற்றுக்கு இணையான தரநிலைகளை வைத்திருக்கிறது. குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் உரியது 130ஆம் எண். இவற்றின் பொறியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருக்கும் தடிமனிலிருந்து தேவையான குறைந்தபட்சத் தடிமனைக் கழித்து, ஆண்டொன்றுக்குத் தேயும் அளவால் வகுத்தால் எஞ்சிய ஆயுள் கிடைக்கும். அதில் பாதிக்குள், அல்லது விதி வகுத்த உச்சவரம்புக்குள், அடுத்த ஆய்வு நடந்துவிட வேண்டும். சாதாரண வகுத்தல் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்குக்குள் நுழையும் எண், யாரோ ஒருவர் ‘இங்கே அளந்து பாருங்கள்’ என்று சொன்ன இடத்திலிருந்தே பிறக்கிறது. குறித்துவைத்த புள்ளிகளில் மட்டும் அளந்துகொண்டிருந்தால், இரு புள்ளிகளுக்கு இடையே மெலிந்துபோன குழாய் கடைசிவரை ஏட்டில் நலமாகவே இருக்கும்.

‘இங்கே’ என்று சுட்டக்கூடியவருக்குக் கிடைக்கும் பயிற்சியோ, வாயிலில் காட்டப்படும் ஒரு காணொளியும் ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் இடும் கையொப்பமும்தான். படித்துப் புரிந்துகொண்டேன் என்று படிவம் சொல்கிறது. படிக்கத் தெரியாதவரையும் அப்படிச் சொல்லவைக்கும் அந்த வாசகத்தைப் பேச்சுச் செயல் கோட்பாடு நடத்தும் ஆசிரியர்கள் வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம். தோற்றுப்போன பேச்சுச் செயலுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

போபால் நினைவுக்கு வராமல் இராது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, வெளியேறும் வாயுவை எரித்தழிக்க வேண்டிய ஃபிளேர் கோபுரம் இயங்கும் நிலையில் இல்லை. அரித்துப்போன ஒரு துண்டுக் குழாய் மாற்றப்படுவதற்காகக் காத்திருந்தது. அந்த ஆலையின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆட்களும் பயிற்சிக் காலமும் செலவுக் குறைப்பில் சுருங்கியிருந்தன. பேரழிவு முழுவதையும் மொழியின் கணக்கில் எழுதுவது அபத்தம். ஆனால் அரித்த குழாயும் புரியாத கையேடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பது அந்த வரலாற்றின் பகுதி. முப்பது ஆண்டுகள் கழித்து, 2014 ஜூன் 27 அன்று கோதாவரிக் கழிமுகத்தின் நகரம் என்னும் சிற்றூரில் எரிவாயுக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலர்ந்த வாயுவுக்கென அமைந்த குழாயில் ஈரம் கலந்த வாயு சென்றது, உட்புறம் அரித்தது என்பவை பிறகு தெரியவந்தன. வாயு நாற்றம் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாக ஊரார் கூறினர். அவர்கள் முறையிட்டது தெலுங்கில். நாற்றத்தை முகர்ந்த மொழியிலிருந்து ஆய்வுப் பதிவேட்டின் மொழிக்குச் செல்ல அங்கே வழி இருந்ததா என்பதுதான் கேள்வி.

இங்கே வழக்கமாக ஒரு பதில் வரும்: தொழில்நுட்பம் நுண்மையானது, வட்டார மொழி அதைத் தாங்காது. இதைச் சொல்பவர்கள் தாங்கள் பயிலும் ஆங்கிலத்தையே கவனித்ததில்லை. குழாயின் வளைவு அவர்களுக்கு ‘முழங்கை’. குட்டைக் குழாய்த் துண்டு ‘முலைக்காம்பு’. ஓட்டமின்றித் தேங்கும் கிளை ‘செத்த கால்’. வழியை அடைக்கும் தகடு ‘குருடு’. குழாய்க்குள் ஓடித் துப்புரவு செய்யும் கருவி ‘பன்றி’. உலைக்குழாய் மிகைவெப்பத்தில் பிளந்தால் ‘மீன்வாய்’. கசிவைக் காட்டிக்கொடுக்கும் துளை ‘அழும் துளை’. ஆங்கிலேயத் தொழிலாளி தன் உடம்பிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் எடுத்த சொற்கள் பன்னாட்டுத் தரநிலையாகிவிட்டன. பீகாரித் தொழிலாளியின் சொல் மட்டும் கொச்சையாம்.

குற்றவாளிக் கூண்டில் ஆங்கிலத்தை மட்டும் ஏற்றுவதும் நேர்மையன்று. 1961இல் அமைந்த நடுவணரசின் கலைச்சொல் ஆணையம் இந்திக்குத் தந்த சொல் ‘சங்க்ஷாரண்’. இந்தி பேசும் தொழிலாளி சொல்வது ‘ஜங்’. தமிழ்க் கலைச்சொல்லாளர் தந்தது ‘அரிமானம்’. அழகான ஆக்கம்தான், ஆனால் சாரத்தின் மேலிருந்து எவரும் அதைக் கூவியதில்லை. (‘அரிப்பு’ என்றால் பயிற்சி அறையில் சிரிப்பு எழும் என்பது வேறு.) ஆங்கிலக் கையேட்டை எடுத்துவிட்டு அங்கே சங்க்ஷாரணையும் அரிமானத்தையும் வைத்தால் பூட்டு மாறும், சாவி அதே கையில் இருக்கும்.

மக்கள் சொல்லே போதும் என்பதும் பொய். ‘துரு’ என்ற சொல்லோடு ஒரு தவறான நம்பிக்கை ஒட்டியிருக்கிறது: செம்மை படியாத இரும்பு நல்ல இரும்பு என்பது. சூடான எண்ணெயிலுள்ள கந்தகம் கார்பன் எஃகைச் சீராக மெலிக்கும்போது வெளித்தோல் குற்றமற்றுத் தோன்றலாம். குளோரைடு படிந்த துருப்பிடிக்காத எஃகு தடிமன் குறையாமலே விரிசல் விடும். அதன் பெயரே ஆளை ஏமாற்றுகிறது. உயர்வெப்ப ஹைட்ரஜன் எஃகை உள்ளிருந்து சிதைப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொல்லுக்குள் குடியிருக்கும் பிழையை அந்தச் சொல் வாழும் மொழியில்தான் வெளியேற்ற முடியும். ஆங்கிலத்தில் ‘கரோஷன்’ பாடம் கேட்டவர் வெளியே வந்ததும் மீண்டும் துருவையே தேடுவார்.

எத்தனை மொழியில்தான் நடத்துவது என்கிறார்கள். ஷட்டவுனுக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஆட்கள் வருவது உண்மை. ஆனால் மொழிபெயர்ப்பு இன்றும் நடக்கத்தான் செய்கிறது. மேஸ்திரி செய்கிறார், ஊதியமின்றி, எவரும் சரிபாராமல். பாதுகாப்பு அதிகாரி ஐந்து நிமிடம் பேசியது குழுவிடம் ‘பார்த்து வேலை செய்யுங்கள்’ என்று சுருங்கிச் சேர்ந்தால் அந்த இழப்பு எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. ஆங்கிலம் ஆளும் அமெரிக்காவிலேயே, தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் சொற்களிலும் நடப்பதே பயிற்சி என 2010இல் ஓஷா தன் ஆய்வாளர்களுக்கு அறிவுறுத்தியது. இங்கே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஒட்டவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. சுவருக்குக் கிடைத்த உரிமை வகுப்பறைக்குக் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று கலிபோர்னியாவின் ரிச்மண்ட். 2012 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த சுத்திகரிப்பு ஆலையில் கந்தகத்தால் மெலிந்த குழாய் கிழிந்து, ஆவி மேகத்துக்குள் 19 பேர் சிக்கித் தப்பினர். புகையால் ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவம் நாடினர். அந்தக் குழாய்களைத் துண்டு துண்டாக முழுவதும் அளக்க வேண்டும் என்று ஆலையின் வல்லுநர்கள் முன்பே பரிந்துரைத்திருந்தார்கள். அழகான ஆங்கிலத்தில்தான். ஆக, ஒரே மொழி பேசினாலும் மேலிடம் கேட்க மறுக்கலாம். பயிற்சியின் மொழியை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு ரிச்மண்டே மறுப்பு. ஆயினும் அங்கே மறுக்கப்பட்ட பரிந்துரை எழுத்தில் இருந்தது. அதனால்தான் விசாரணையில் அது பேசியது. இங்கே பஞ்சைப் பிரித்தவர் கண்டது எழுத்தாகவே ஆவதில்லை. போபாலுக்குப் பின் 1987இல் அதே சட்டத்தில் சேர்ந்த 41எச் பிரிவு, உடனடி ஆபத்தை அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்குச் சொல்லும் உரிமையை ஏற்றது. எந்தக் குறியைக் கண்டு அஞ்சவேண்டும் என்று கற்பிக்கப்படாதவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

மொழியியல் துறைகளுக்கு இதில் வேலை இல்லையா? முகநூல் பதிவுகளின் மொழிக் கலப்பைப் பற்றி மேலும் ஓர் ஆய்வேடு வராவிட்டால் துறைக்கு இழப்பில்லை. மணலியிலும் பாராதீப்பிலும் ஜாம்நகரிலும் குழாயைத் தொடுபவர்கள் கசிவுக்கும் கொப்புளத்துக்கும் ஏடாக உரியும் துருவுக்கும் எந்தெந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தொகுக்க ஒரு ஷட்டவுன் காலம் போதும். தேர்வுக்குத் தாளும் வேண்டாம். கழற்றிப்போட்ட பழைய குழாய்த் துண்டுகள் எல்லா ஆலை முற்றத்திலும் கிடக்கின்றன. ஒன்றைக் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது, யாரிடம் சொல்வீர்கள் என்று அவர் மொழியில் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே ஆய்வுப் பதிவேட்டில் எழுதலாம்.