சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண். 1954-ம் ஆண்டு கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டது. இனி நடக்க முடியாது!

விபத்து நல்லது என்று நாம் சொல்லமாட்டோம். கால் போனது போனதுதான். ஆனால் கை இருந்தது. அதை ஆண்டவர் பணிக்குக் கொடுத்தார் மேரி.

தொழுநோயால் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தும் முறையை டாக்டர் பால் பிராண்டு வேலூரில் வளர்த்து வந்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? மேரி அதைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே கத்தியைப் பிடித்தார்.

"தைரியமாக இரு" என்று நடக்கிறவர் சொன்னால் நோயாளிக்குக் கோபம் வரும். மேரி சொன்னால் வருமா?

பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு சிகிச்சை படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகெலும்பு அடிபட்டவர்கள் அங்கே வந்து, எழுந்து உட்காரவும் தங்கள் வேலையைத் தாங்களே செய்யவும் பழகுகிறார்கள்.