மக்காவில் தங்கும் அறை: புறப்படுமுன் அறிய வேண்டியவை

உம்ராவுக்குப் புறப்படும் அன்பர்கள் அதன் செயல்முறைகளைக் கேட்டறிய மதரஸாவுக்கு வருவது வழக்கம். இஹ்ராம் உடுத்துவது எப்படி, தவாஃபைத் தொடங்குவது எங்கே, ஸயீயை முடிப்பது எங்கே என்றெல்லாம் நுணுக்கமாகக் கேட்பார்கள், குறித்தும் கொள்வார்கள். ஆனால், பத்துப் பன்னிரண்டு நாட்கள் தாங்கள் தங்கப்போகும் விடுதியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அது பயணம் அழைத்துச் செல்வோரின் பொறுப்பு என்று விட்டுவிடுகின்றனர்.

திருவாதவூர், மேலூர் வட்டாரத்து ஊர்களிலிருந்து செல்வோரில் பலர் வயது முதிர்ந்தவர்கள். வயலும் வரப்பும், கடையும் வீடுமாக வாழ்ந்தவர்கள். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் முதன்முறையாக விமானம் ஏறுகின்றனர். முதன்முறையாகப் பன்மாடி விடுதியில் படுத்துறங்குகின்றனர். கதவைத் திறக்கத் தெரியாமல் நிற்பதும், குழாயைத் திருப்பியவுடன் கொதிநீர் மேலே விழுவதும், தொழுதுவிட்டுத் திரும்பும்போது எந்தக் கட்டடம் என்று புரியாமல் அலைவதும் அவர்களுக்கு நேரும் சோதனைகள். வணக்கத்திற்கென்று சேர்த்து வைத்த உடல் வலிமையையும் மன அமைதியையும் இச்சிறு தொல்லைகளே விழுங்கிவிடுகின்றன. அவற்றைத் தவிர்க்கும் வழிகளை இம்மாதம் பார்ப்போம்.

அன்றும் இன்றும்

நம் முன்னோர் பம்பாய் சென்று கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. இந்தியாவிலிருந்து செல்லும் ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. வழிப்போக்கருக்குத் தங்குமிடம் அமைப்பதை அக்காலச் செல்வர்கள் பெரும் அறமாகக் கருதினர். சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே மேல்விஷாரம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் எழுப்பிய சித்தீக் சராய் அத்தகையதே. மக்காவிலும் ஹைதராபாத் நிஜாமின் ரிபாத், தலைசேரி மாயின்குட்டி கேயி அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கேயி ரிபாத் எனப் பயணிகள் இல்லங்கள் இருந்தன. ஹரம் ஷரீஃபின் விரிவாக்கத்திற்காகக் கேயி ரிபாத் 1971இல் இடிக்கப்பட்டது.

அத்தகைய இல்லங்களில் நம் மொழி பேசும் ஒருவர் வாசலில் இருப்பார். ஊர்க்காரர்கள் ஒரே கூடத்தில் தங்குவர். இன்றைய விடுதியிலோ முந்நூறு அறைகளும் ஒரே மாதிரியான கதவுகளும் இருக்கின்றன. அன்று வாசற்காரர் சொல்லிக் கொடுத்ததை இன்று வீட்டிலுள்ள பிள்ளைகள்தாம் சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, தூரம். "ஹரமிலிருந்து 500 மீட்டர்" என்று அச்சிட்டிருப்பார்கள். அது வெளிமுற்றத்தின் எல்லை வரையிலான கணக்கா, பள்ளிவாசலின் வாயில் வரையிலான கணக்கா என்று கேளுங்கள். கஅபா பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதியில் அமைந்துள்ளது, சுற்றிலும் மலைகள். ஆதலால் தொழச் செல்லும்போது இறக்கமாக இருக்கும் சாலை, திரும்பும்போது ஏற்றமாகிவிடும். முழங்கால் வலியுள்ளவருக்கு ஏற்றத்தில் 300 மீட்டர் நடப்பதைவிடச் சமதளத்தில் 600 மீட்டர் நடப்பது எளிது.

இரண்டாவது, வாகனம். தொலைவிலுள்ள விடுதியென்றால் பேருந்து உண்டா, ஐவேளைத் தொழுகைக்கும் உண்டா, வெள்ளிக்கிழமைகளிலும் ரமளானிலும் சாலைகள் அடைபடும்போது எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்.

மூன்றாவது, அறை. ஓர் அறையில் எத்தனை பேர், கணவன் மனைவிக்கு ஒரே அறையா, குளியலறையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பன தெரிந்திருக்க வேண்டும். விடுதியின் பெயரை எழுதி அதன்கீழ் "அல்லது அதற்கு இணையான விடுதி" என்று சேர்த்திருந்தால், இணை என்பது தூரத்திலுமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். விடுதியின் நட்சத்திரங்களைவிட இம்மூன்று வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகளே முதியோருக்கு முக்கியமானவை.

வீட்டிலேயே பழக்குங்கள்

மதுரையின் பெரிய ஜவுளிக் கடைகளில் லிஃப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. புறப்படுவதற்கு முன் அத்தாவையும் அம்மாவையும் ஒருநாள் அழைத்துச் சென்று நான்கைந்து முறை ஏறி இறங்கச் செய்யுங்கள். ஹரம் ஷரீஃபிலும் நகரும் படிக்கட்டுகள் உள்ளன. அவற்றில் புர்காவின் ஓரத்தையும் இஹ்ராம் துணியின் ஓரத்தையும் கையால் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிடலாம்.

விடுதிக் கதவுகளுக்கு இரும்புச் சாவி இராது. ஓர் அட்டை தருவார்கள். அதைக் கதவுப் பூட்டின்மீது காட்டிப் பச்சை விளக்கு எரிந்தவுடன் கைப்பிடியை அழுத்த வேண்டும். உள்ளே சென்றதும் சுவரிலுள்ள சிறு பிளவில் அவ்வட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும். வெளியே வரும்போது கதவு தானே பூட்டிக்கொள்ளும். அட்டையை உள்ளே விட்டு வந்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான். சில அறைகளில் அட்டையை எடுத்தவுடன் குளிர்பெட்டியும் நின்றுவிடும். இன்சுலின் வைத்திருப்போர் முதல்நாளே இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

லிஃப்டிலும் கதவிலும் அரபு எண்களே இருக்கக்கூடும். குர்ஆனின் வசன எண்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவை புதியனவல்ல. எனினும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: அங்கே வட்டமாக எழுதப்பட்டிருப்பது ஐந்து, வெறும் புள்ளிதான் பூஜ்யம். இதை அறியாமல் ஐந்தாம் மாடிக்காரர் தரைத்தளத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

குளியலறையே முதியோர் அதிகம் வழுக்கி விழும் இடம். பளிங்குத் தரையில் நீர் தேங்கியிருக்கும். உளூச் செய்கையில் காலைத் தூக்கி முகம் கழுவும் தொட்டியில் வைப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஒரு சிறு பிளாஸ்டிக் குவளையும், வழுக்காத ரப்பர் செருப்பும் பெட்டியில் இருந்தால் அமர்ந்தபடியே கால்களைக் கழுவிக்கொள்ளலாம். குழாயைத் திறந்ததும் முதலில் கைவிரலால் நீரின் சூட்டைப் பார்த்த பிறகே உடலில் ஊற்ற வேண்டும்.

கணவர் ஓர் அறையில், மனைவி ஓர் அறையில்

குழுவாகச் செல்லும்போது பெண்களை ஓர் அறையிலும் ஆண்களை மற்றோர் அறையிலும் தங்கச் செய்வது பரவலான ஏற்பாடு. அந்நியர் கலப்பைத் தவிர்க்க இது நல்லதே. ஆனால், நம் வீடுகளில் பணமும் பாஸ்போர்ட்டும் கைப்பேசியும் அத்தாவிடமே இருக்கும். இருவருடைய மருந்துகளும் அம்மாவின் பையில் இருக்கும். அறை பிரிந்த முதல் இரவிலேயே இவர் மாத்திரையின்றியும் அவர் தொலைபேசியின்றியும் தவிக்க நேரிடும்.

ஆகவே, இருவருக்கும் தனித்தனிப் பை, தனித்தனி மருந்து, தனித்தனிக் கைப்பேசி, கைச்செலவுக்குத் தனித்தனி ரியால் என்று பிரித்துக் கொடுங்கள். இதுவரை கைப்பேசி தொடாத தாய்க்கு, பச்சைப் பொத்தானை அழுத்திப் பேசவாவது ஒரு மாதம் முன்பே கற்றுக்கொடுங்கள். கணவரின் அறை எண் மனைவியிடமும், மனைவியின் அறை எண் கணவரிடமும் எழுத்தில் இருக்கட்டும். விடுதியின் பெயரும் முகவரியும் அரபியில் அச்சிட்ட அட்டையை வரவேற்பாளரிடம் கேட்டு வாங்கி, குழுத் தலைவரின் எண்ணையும் அதில் எழுதி, ஆளுக்கொன்றாகக் கழுத்தில் தொங்கும் சிறு பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி தாமதமாக வந்து சேரக்கூடும். பல விடுதிகளில் அறையே மாலை 4 மணிக்குத்தான் கிடைக்கும். ஆதலால் இரண்டு நாள் மருந்து எப்போதும் கைப்பையில் இருப்பது நலம். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பிந்தியது என்பதையும் மருந்து வேளைகளைக் குறிக்கும்போது மறவாதீர்கள்.

வழி தவறினால் எங்கே சந்திப்பது என்பதை முதல்நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். ஹரமின் வாயில்களுக்கு எண்கள் உண்டு. மன்னர் அப்துல் அஸீஸ் வாயில் 1. மன்னர் ஃபஹத் வாயில் 79. சுமார் 600 மீட்டர் உயரமுள்ள கடிகாரக் கோபுரம் வெகுதொலைவிலிருந்தும் தெரியும். அது முதலாம் வாயிலுக்கு எதிரே நிற்கிறது. அறையிலிருந்து வரும் வழியில் எந்த வாயில் முதலில் தென்படுகிறதோ அதன் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

அறைக்குள் மார்க்கச் சட்டங்கள்

இஹ்ராமுடன் விடுதிக்கு வந்து சேருவோர், உம்ராவை முடிக்கும்வரை அங்குள்ள மணமுள்ள சோப்பையும் ஷாம்புவையும் ஈரக் காகிதத்தையும் பயன்படுத்தலாகாது. மணமற்ற சோப்பை ஊரிலிருந்தே கொண்டுசெல்லுங்கள். களைப்பில் சற்று உறங்கினால் ஆண்கள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளக் கூடாது. அறையின் குளிர் கடுமையாக இருந்தால் குளிர்சாதனத்தைக் குறைத்துவிட்டு உறங்குவதே வழி.

கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி மேற்கூரையிலோ மேசை இழுப்பறையிலோ இருக்கும். ஊரில் மேற்கு நோக்கித் தொழுத பழக்கத்தில் அங்கும் மேற்கைத் தேடுவது தவறு. கஅபா விடுதிக்கு எத்திசையில் உள்ளதோ அத்திசையே கிப்லா.

கஸ்ரைப் பொறுத்தவரை, நம் மதுரைச் சமவெளியில் ஹனஃபி மத்ஹபினர் மிகுதி. ஒரே ஊரில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்கும் எண்ணமிருந்தால் அவர்கள் முழுமையாகத் தொழ வேண்டும். குறைவாயின் கஸ்ராகத் தொழ வேண்டும். மக்கா, மதீனா நாட்களைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மத்ஹபினருக்கு, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களே எல்லை. ஊரில் தங்கியிருக்கும் இமாமைப் பின்பற்றித் தொழும்போது இரு சாராரும் முழுமையாகவே தொழ வேண்டும். ஆக, அறையில் தனித்துத் தொழும்போதுதான் இந்தக் கேள்வி எழும். அறையில் இருந்தபடி ஒலிபெருக்கியைக் கேட்டு ஹரமின் இமாமைப் பின்பற்றுவது, ஸஃப்புகளின் தொடர்பு அறுபட்டிருக்குமாயின் கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தொழுகை நேரத்தில் லிஃப்டின் முன் நீண்ட வரிசை நிற்கும். அதானுக்கு முக்கால் மணி நேரம் முன்பே அறையை விட்டு இறங்கிவிடுவது பழக்கமாகட்டும்.

நெருப்பும் வெயிலும்

கூரையில் சிறு உலோகக் குமிழ்கள் தெரியும். அவை தீயணைக்கும் நீர்க்குழாய்கள். அவற்றில் ஈரத்துணியைத் தொங்கவிட்டால் குமிழ் உடைந்து அறையெல்லாம் வெள்ளமாகும், இழப்பீடும் கேட்பார்கள். தண்ணீர் சுடவைக்கும் மின்கம்பி, சிறு அடுப்பு முதலியவற்றைக் கொண்டுசெல்லாதீர்கள். 1997 ஏப்ரல் 15 அன்று மினாவின் கூடாரங்களில் பற்றிய தீ 340க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதன் பின்னரே தீப்பற்றாத கூடாரங்கள் வந்தன. கைப்பேசிக்குச் சதுர முனைகள் மூன்றுள்ள, சிங்கப்பூர் வகைப் பிளக் மாற்றி ஒன்று இருந்தால் போதுமானது.

வெயிலை எளிதாக எண்ண வேண்டாம். 2024 ஹஜ்ஜின்போது ஹரம் பகுதியில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸை எட்டியது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. கோடை மாதங்களில் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் அறைக்கும் ஹரமுக்கும் அலையாமல், ஏதேனும் ஓரிடத்தில் இருந்துவிடுங்கள். அவசரத்திற்கு மக்காவில் 911 என்ற எண்ணை அழைக்கலாம்.

உடன் தங்குவோரின் உரிமை

நான்கு கட்டில்கள் போட்ட அறையில் முன்பின் அறியாத நால்வர் பத்து நாட்கள் வாழப்போகின்றனர். ஒருவர் விளக்கை அணைக்கச் சொல்வார்; ஒருவர் ஓத வேண்டும் என்பார். ஒருவர் வீட்டாரிடம் உரத்துப் பேசுவார். ஒருவர் குளியலறையை விட்டு வரமாட்டார். வாக்குவாதம் பெரும்பாலும் இவற்றிலிருந்தே பிறக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் நன்மை செய்யப்பட வேண்டியோரின் வரிசையில் அருகிலிருக்கும் தோழரையும் சேர்த்துள்ளது. பயணத் தோழரும் அதில் அடங்குவர் என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். முதல் இரவே நால்வரும் அமர்ந்து உறங்கும் நேரத்தையும் குளியல் முறையையும் பேசி வைத்துக்கொண்டால் மனக்கசப்புக்கு இடமிராது. அறையைத் துப்புரவு செய்ய வருவோர், குடும்பத்தை விட்டு வந்து கூலிக்கு உழைக்கும் நம் பிள்ளைகளைப் போன்றவர்களே. அவர்களிடம் இன்சொல் பேசுங்கள்; இயன்றதைக் கொடுங்கள்.

மதீனாவில் ரவ்ளாவில் தொழ நுசுக் செயலி வழியே முன் அனுமதி பெற வேண்டியுள்ளது. அங்கு சென்றபின் தேடாமல், புறப்படுமுன்பே குழுத் தலைவரிடம் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸம்ஸம் நீரை அறையிலேயே புட்டிகளில் நிரப்பிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். விமான நிலையத்தில் 5 லிட்டர் கலன் முறையாக அடைத்துக் கிடைக்கிறது.

பிள்ளைகளே, பெற்றோரின் பயணத்திற்குப் பணம் கட்டியதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, இவற்றையெல்லாம் அவர்களுக்குப் பொறுமையாகச் செய்து காட்டுங்கள். இருவருக்கும் தனித்தனியே காட்டுங்கள். அவர்களின் தவாஃபில் ஒரு சுற்றேனும் பதற்றமின்றி நிறைவேற அது உதவுமாயின், அதன் நற்கூலியில் உங்களுக்கும் பங்குண்டு. புனித ஆலயத்தை நாடிச் செல்லும் அனைவரையும் வல்ல அல்லாஹ் நலமாகக் கொண்டு சேர்த்து, நலமாகவே வீடு திரும்பச் செய்வானாக! ஆமீன்.