ஊர்க்காரர்கள் கேட்டது: எங்கள் குடும்பத்தைத் திருப்பிக் கொடு

ஆஸ்திரேலியாவில் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு நம்மவர்கள் சொல்லும் முதல் புத்திமதி இது: "மெல்பர்ன், சிட்னியை விட்டு நகராதே. நாட்டுப்புறத்து வெள்ளைக்காரர்கள் நம்மை அண்ட விடமாட்டார்கள்." நாட்டுப்புறத்தின் பக்கமிருந்தும் ஒரு பேச்சு உண்டு: "வந்தவர்கள் நம் வேலையைப் பிடுங்குவார்கள். காலூன்றியதும் நகரத்துக்கு ஓடிவிடுவார்கள்." இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, இதுவே நாட்டு நடப்பு என்றாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

முதலில், பழமைவாத ஊர் அந்நியரை ஏற்காது என்ற பேச்சு.

குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில் இருக்கிறது பிலோயிலா. நிலக்கரிச் சுரங்கம், இறைச்சி ஆலை, பருத்தி வயல்கள். மக்கள்தொகை 6,000-ஐ எட்டாது. தனித்தனியே படகேறி, 2012-ல் ஒருவரும் 2013-ல் ஒருவருமாக வந்த இரு இலங்கைத் தமிழர்கள் மணம் முடித்து அங்கே குடியேறினார்கள். கணவர் இறைச்சி ஆலையில் வேலை பார்த்தார். மனைவி சமைத்த கறி உள்ளூர் மருத்துவமனை ஊழியர்கள் வரை போய்ச் சேர்ந்தது. இரண்டு பெண் குழந்தைகள் அந்த ஊரிலேயே பிறந்தார்கள்.

2018 மார்ச் 5, விடியற்காலை 5 மணி. எல்லைக் காவல் அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். மூட்டை கட்டப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். சின்னவளுக்கு அப்போது ஒன்பது மாதம். விசா முடிந்துபோனதுதான் காரணம். மெல்பர்ன் தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இலங்கைக்கு விமானமேற்றிவிட்டார்கள். வானில் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிமன்றத் தடை வந்தது. விமானம் டார்வினில் இறங்கியது. அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவு. அந்தத் தீவில் சின்னவள் கடுமையாக நோயுற்று, 2021 ஜூனில் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள்.

இத்தனை காலமும் இவர்களுக்காக விடாமல் குரல் கொடுத்தது பிலோயிலா. கையெழுத்து வாங்கினார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்தார்கள், வழக்குக்குத் துணை நின்றார்கள். "எங்கள் ஊர்க் குடும்பத்தை எங்களிடமே அனுப்பு" என்பதுதான் கோரிக்கை. இந்த ஊர் அடங்கிய ஃபிளின் தொகுதி 2010 முதல் பழமைவாதக் கட்சியின் கையில் இருக்கிறது. 2022-ல் நாட்டில் ஆட்சி மாறியபோதும் ஃபிளின் மாறவில்லை. அகதிப் படகுகளைத் தடுப்பேன் என்ற கட்சிக்கு வாக்களித்த வட்டாரத்திலிருந்துதான், படகில் வந்த குடும்பத்துக்காக இந்தக் குரல் எழுந்தது. ஒருவர் யாருக்கு வாக்களிக்கிறார் என்பதை வைத்து, பக்கத்து வீட்டுக்காரரை எப்படி நடத்துவார் என்று முடிவு கட்டிவிட முடியாது.

"அது தெரிந்த முகத்துக்குக் காட்டிய பரிவு மட்டும்தானே?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. அதே படகுக் காலத்தில் வந்து, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்கென்று ஊர் திரளவில்லை. அந்த வேதனை எனக்கும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிலோயிலாக் குடும்பம் தெரிந்த முகமானது எப்படி? ஒரே ஆலை, ஒரே மருத்துவமனை, ஒரே கடைத்தெரு. பெருநகரத்தில் பத்து வருடம் குடியிருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. சிற்றூரில் பத்து மாதம் போதும். நம்மவர்கள் அஞ்சுகிற அந்தச் சின்ன வட்டமே இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது.

அடுத்தது வேலை. மெல்பர்னிலிருந்து அடிலெய்டு போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ பாதி வழியில் ஒரு கோதுமை ஊர் இருக்கிறது. பெயர் நில். தமிழ்க் காதுக்கு ஒரு வேண்டுகோள் போலவே கேட்கும். சுமார் 2,000 பேர். இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஊர். அங்குள்ள லவ்-எ-டக் வாத்து இறைச்சி நிறுவனம் தொழிலை விரிவாக்க நினைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பிடுங்குவதற்கு அங்கே யாருடைய வேலையும் இல்லை. காலி இடங்கள்தான் இருந்தன. 2010-ல் மெல்பர்ன் புறநகரான வெரிபியிலிருந்து கரென் அகதிகளை அழைத்தார்கள். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு, தாய்லாந்து எல்லை முகாம்களில் ஆண்டுகளைக் கழித்தவர்கள். முதலில் வேலைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். ஐந்தாண்டுக்குள் கரென் மக்கள் சுமார் 160 பேர் ஆனார்கள். அந்த ஐந்தாண்டில் வட்டாரப் பொருளாதாரத்துக்குச் சேர்ந்தது 4 கோடியே 15 லட்சம் டாலர், சுமார் 70 முழுநேர வேலைகள் என்று 2015-ல் டெலாய்ட் நிறுவனம் பங்கேற்ற ஆய்வு கணக்கிட்டது.

கடைசியாக, தங்கமாட்டார்கள் என்பது. பல ஊர்களில் இது உண்மைதான். கணவனுக்கு மட்டும் வேலை, வாடகைக்கு வீடில்லை, மருத்துவரிடம் பேச மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றால் யார்தான் இருப்பார்கள்? அது வந்தவர்களின் குணக்கேடு அல்ல, ஊரின் ஏற்பாட்டுக் குறை. நில் ஊரார் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். நிறுவனத்தின் பொது மேலாளராக இருந்த ஜான் மில்லிங்டன், குடும்பங்களை முதலில் ஊரைப் பார்த்துப் போகச் சொல்லி அழைத்தார். கரென் மக்கள் யார், என்ன பட்டு வந்தவர்கள் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் முன்னதாகவே எடுத்துச் சொன்னார். அவர் மனைவி மார்கரெட் புதிய குடும்பங்களுக்குக் கூடவே நின்றார். உள்ளூர்க் கற்றல் மையத்தில் ஆங்கில வகுப்பு நடந்தது. கரென் பெண்களின் தையலும் நெசவும் 'பா போ' என்ற சிறு தொழிலாக வளர்ந்தன. இதில் எதுவும் பெரிய தியாகம் அல்ல. யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து, வாரா வாரம் செய்யவேண்டிய வேலை.

நாட்டுப்புறத்தில் இனவெறி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருக்கிறது, நகரத்திலும் இருக்கிறது. அதை மட்டும் சொல்லி ஒருவரைத் தடுத்துவிட்டால், பிலோயிலாவைப் பற்றி அவருக்கு யார் சொல்வது?

நாட்டில் ஆட்சி மாறிய பிறகு, 2022 ஜூன் 10 அன்று அந்தத் தமிழ்க் குடும்பம் பிலோயிலாவை ஒட்டிய சிறிய விமான நிலையத்தில் வந்து இறங்கியது. ஊரார் அங்கே திரண்டு காத்திருந்தார்கள். இரண்டு நாளில் சின்னவளுக்கு ஐந்து வயது நிறைந்தது. தன் முதல் பிறந்தநாளிலிருந்து நான்காம் பிறந்தநாள் வரை அவள் காவலில்தான் இருந்தாள். ஐந்தாவதுக்கு ஊர் கூடிக் கேக் வெட்டியது.