கை கொடுத்தால்தான் குடிமகன்

டென்மார்க்கில் குடியுரிமை பெறுகிறவர் அதற்கான விழாவில் மேயரிடமோ நகராட்சிப் பிரதிநிதியிடமோ கை குலுக்கியே ஆக வேண்டும் என்று 2019 ஜனவரியில் சட்டம் வந்தது. வெறுங்கைதான், கையுறை கூடாது. வேற்றுப் பாலினத்தவரைத் தொடத் தயங்கும் முஸ்லிம்களைக் குறிவைத்த ஏற்பாடு இது என்பது ஊரறிந்த ரகசியம். மேயர்கள் சிலரே முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே கொரோனா! கை கொடுக்கக் கூடாது, கொடுக்காமல் குடியுரிமையும் கிடையாது, விழாக்கள் நின்றுபோயின. நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினால் மரியாதையில் என்ன குறைந்துவிடும்? நியூசிலாந்தில் மாவோரிகள் நெற்றியும் மூக்கும் தொட்டு வரவேற்கிறார்கள்; தாய்லாந்தில் தொடாமலே கைகூப்புகிறார்கள். நாட்டின் மொழியைக் கற்கச் சொல்லுங்கள், சட்டத்தை மதிக்கச் சொல்லுங்கள், நியாயம். உள்ளங்கையை நீட்டச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.