உப்பு விளைப்பவன் தமிழன். உறையில் தமிழ் எங்கே?

மரக்காணத்து அளங்களில் கடல்நீரைப் பாத்தியிற் பாய்ச்சி, ஞாயிற்றின் வெம்மையிற் காயவிட்டு, வெறுங்காலுடன் உவர்நீரில் நின்று வாரிக் குவிக்கும் தமிழனும் தமிழச்சியும் தாம் விளைத்த பொருளை 'உப்பு' என்றே அழைக்கின்றனர். அவ்வுப்பு உறையில் அடைபட்டுக் கடைப்பலகை ஏறி, அவர்தம் குடிலுக்கே விலைப்பொருளாகத் திரும்பி வருங்கால், அதன் மேல் ஆங்கிலம் இருக்கும்; அன்றேல் இந்தி இருக்கும். தமிழோ, வணிகன் மனம் வைத்தால் இருக்கும், வையாவிடின் இராது. விளைத்தவனுக்கே விளைபொருள் விளங்காமற் போகும் இவ்விழிவை இயல்பென்று எண்ணிப் பழகிவிட்டதே தமிழனுக்கு நேர்ந்த பெருங்கேடு.

இக்கடற்கரை நேற்று முளைத்ததன்று. சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலர் முடிபு. உப்பு வண்டிகளை நிரை நிரையாக ஓட்டிச் சென்ற உமணரைக் கழக நூல்கள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. சம்பாகிய நெல்லும் அளமாகிய உப்பும் வேலைக்கு ஈடாகக் கொடுக்கப்பெற்றமையாலேயே 'சம்பளம்' என்னுஞ் சொல் பிறந்தது என்பார் மொழிஞாயிறு பாவாணர். உழைப்பின் ஊதியத்திற்கே உப்பின் பெயரை வைத்த மொழி தமிழ். அம்மொழிக்கு இன்று ஓர் உப்பு உறையின் மேல் இடமில்லை!

இது வெறும் மொழிப்பற்றின் புலம்பல் என்று எள்ளுவோர் உளர். அவர்க்கு ஒன்று கூறவேண்டும்: இது உயிர்ப் பற்றிய செய்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நடத்தி 2023-இல் வெளியிட்ட பேராய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையர் என்றும், வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர் மிகை குருதியழுத்தம் உடையர் என்றும் காட்டிற்று. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. உலக மக்கள் நிரவலாக உண்பதோ 10 கிராமுக்கும் மேல். மிகுந்த உப்பு குருதியழுத்தத்தை ஏற்றுகின்றது. ஏறிய அழுத்தம் நெஞ்சாங்குலையையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகின்றது.

இனி, அளத்தில் உழைக்கும் ஒரு தாய்க்குக் குருதியழுத்தம் என்று வைத்துக் கொள்க. 'உப்பைக் குறைத்துக்கொள், அம்மா' என்கின்றார் மருத்துவர். குழம்பில் இடும் உப்பை அவள் குறைத்துவிடுவாள். அது அவள் கையில் உள்ளது. ஊறுகாய்ப் புட்டியிலும், அப்பளக் கட்டிலும், பிள்ளைகள் தின்னும் நொறுக்குத்தீனி உறையிலும் ஒளிந்துள்ள உப்பை எவ்வாறு அறிவாள்? உறையின் பின்புறம் எறும்புக்கால் எழுத்தில் 'சோடியம்' என்று ஓர் எண் இருக்கின்றது. அவ்வெண்ணை இரண்டரையாற் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். இவ்வளவுதான் கணக்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம். ஆனால் அவ்வுறை அவளோடு பேசும் மொழி ஆங்கிலம்! படிக்கத் தெரிந்த தமிழச்சியும் அங்கே படியாதவள் ஆகின்றாள்.

இதற்கு வணிகனை மட்டும் நோவதிற் பயனில்லை. சட்டமே அவ்வாறுதான் உள்ளது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிலை ஆணையம் 2020-இல் வகுத்த உறைக்குறிப்பு நெறிமுறைகள், கட்டாயச் செய்திகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்து இந்தியிலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிறமொழிகளைச் சேர்ப்பதற்குத் தடையில்லையாம்! அஃதாவது, தமிழ் இருக்கலாம். இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் விளைந்து, தமிழ்நாட்டில் அடைக்கப்பெற்று, தமிழன் வாயில் இடப்படும் உணவைப் பற்றித் தமிழனுக்குத் தமிழிற் சொல்லவேண்டும் என்னும் கடமை எவர்க்கும் இல்லை.

'உலகில் எங்கும் இதுதானே நிலை?' என்பாரும் உளர். அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு உணவுச் செய்திச் சட்டம், ஒரு பொருள் எந்நாட்டில் விற்கப்படுகின்றதோ அந்நாட்டு மக்களுக்கு எளிதில் விளங்கும் மொழியிலேயே கட்டாயச் செய்திகள் இருத்தல்வேண்டும் என்கின்றது. 14 இலக்கம் மக்களும் இல்லாத எசுதோனியா நாட்டார் தம் உணவு உறையைத் தம் மொழியிற் படிக்கின்றனர். 2011 கணக்கெடுப்பிலேயே 7 கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த தமிழ்நாட்டினர்க்கு அவ்வுரிமை இல்லை. சிறுமை எண்ணிக்கையில் இல்லை, ஆட்சியில் உள்ளது.

அச்சிறுமை 2023-ஆம் ஆண்டில் இருமுறை வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், தயிர் உறையின் மேல் 'தகி' என்னும் இந்திச் சொல்லை முதன்மையாக இட்டு, தமிழ்ப் பெயரை அடைப்புக்குறிக்குள் இடுக என்று அவ்வாணையம் கட்டளையிட்டது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது, ஆவின் மறுத்தது, திங்கள் முடிவதற்குள் ஆணை திருத்தப்பட்டது. வெற்றி என்று பலர் மகிழ்ந்தனர். திருத்திய ஆணையிலும் ஆங்கிலச் சொல் முன்னே நிற்க, 'தயிர்' அடைப்புக்குள்ளேயே கிடந்ததை எத்தனை பேர் கண்டனர்? சிறையின் பெயர் மாறியது, சிறை மாறவில்லை.

அதே ஆண்டு, உலக நாடுகள் மன்றம் சிறுதவசங்களின் ஆண்டாக அறிவித்த ஆண்டு. தினையும் வரகும் சாமையும் கம்பும் கேழ்வரகும் தமிழன் உண்டு வளர்ந்த தவசங்கள். குருதிச் சர்க்கரையைத் தீட்டிய வெள்ளரிசி ஏற்றுமளவு விரைந்து ஏற்றாதவை, நாரூட்டம் மிக்கவை. உலகமே அவற்றைப் போற்றத் தொடங்கிய அவ்வேளையில் ஒன்றிய அரசு தன் வரவுசெலவுத் திட்ட உரையில் அவற்றிற்குச் சூட்டிய பெயர் 'சிரீ அன்னா'. நகரத்துக் கடைகளிலோ 'மில்லட்டு'. வரகுக்கும் சாமைக்கும் வேற்றுமை அறியாமலே, பாட்டி ஆக்கிப் படைத்த சோற்றைப் பேரன் பன்மடங்கு விலை கொடுத்து ஆங்கிலப் பெயரில் வாங்குகின்றான். பெயரை இழந்தவன் பொருளை இழப்பான். பொருளை இழந்தவன் அதனை விலைக்கு வாங்குவான்.

மரக்காணத்து உமரியின் கதையும் அதுவே. அளங்களின் ஓரத்திலும் கழுவெளிக் கரையிலும் உவர்மண்ணில் வேறு பயிர் வாழாத இடத்தில் தழைப்பது உமரி. கடற்கரை ஏழை மக்கள் அதனைப் பறித்து வேகவைத்து, உவர்நீரை வடித்துக் கொட்டிவிட்டுக் கறியாக்கி உண்பர். 'ஏழைக் கீரை' என்று ஊரார் ஒதுக்கிய உமரியினத்துச் செடியொன்றினின்று ஊட்டமிக்க உப்பு எடுக்கும் முறையைப் பாவுநகரில் உள்ள நடுவண் உப்பு, கடல்வேதி ஆய்வு நிறுவனத்தார் கண்டு, 2005-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றனர். அறிவியல் உழைப்பு போற்றத்தக்கதே. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சலோனி'! உமரி என்னும் அழகிய தமிழ்ப்பெயர் அவர் செவிக்கு எட்டவில்லை; எட்டச் செய்யத் தமிழரும் முனையவில்லை.

மற்றொரு பெருங்கொள்ளை, துணையூட்ட வில்லைகளும் பொடிகளும். 'நெஞ்சுக்கு நலம்', 'சர்க்கரைக்குத் தீர்வு', 'கொழுப்பைக் கரைக்கும்' என்று நாவால் விற்கின்றனர். அவ்வுறைகளின் மேல் 'மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று' என்னும் எச்சரிக்கை சட்டப்படி இருக்கின்றது, ஆங்கிலத்தில்! நா தமிழிற் பொய் சொல்ல, உறை ஆங்கிலத்தில் உண்மை சொல்கின்றது. ஏமாறுபவன் எவன் என்று கூறவும் வேண்டுமோ?

சேரநாட்டார் மீன்குழம்பில் இடும் குடம்புளியை உடல் மெலிவிக்கும் வில்லையாக்கி உலகெங்கும் விற்றனர். 1998-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வந்த ஆய்வு, 135 பேரை 12 கிழமை நோக்கி, வெற்று வில்லை உண்டாரினும் குடம்புளி வில்லை உண்டார் மிகுதியாக மெலியவில்லை என்று காட்டிற்று. மஞ்சளின் செறிவுக்கூற்றை வில்லையாக உண்டோர் சிலர்க்கு ஈரல் அழற்சி நேர்ந்ததை 2019-இல் இத்தாலி அரசு அறிவித்தது. குழம்பில் இடும் சிட்டிகை மஞ்சள் வேறு. பன்மடங்கு செறித்த வில்லை வேறு. உணவை மருந்தென்று விற்பவன் உணவையும் கெடுக்கின்றான், மருந்தையும் கெடுக்கின்றான்.

இவ்விடத்துத் தமிழுணர்வாளரும் தம் வீட்டைப் பெருக்கிக்கொள்ளுதல் வேண்டும். சித்தர் பெயரையும் தமிழ் மருத்துவத்தின் பெயரையும் சொல்லி, ஆய்வுக்கு உட்படாத பொடியை விற்பவன் தமிழ்த் தொண்டன் அல்லன், தமிழை விற்பவன். மெய்யான ஆற்றல் உள்ள செடி ஆய்வுக்கு அஞ்சுவதில்லை. பாம்புகளா வேர் குருதியழுத்தத்தைத் தணிப்பதை மும்பை மருத்துவர் வக்கீல் 1949-இல் பிரித்தானிய நெஞ்சக மருத்துவ இதழில் நாட்டினார், 1952-இல் அதன் செயற்கூறு பிரித்தெடுக்கப்பட்டது, உலகம் ஏற்றது. சீனத்தில் 600 ஊர்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், உப்பில் காற்பங்கைப் பொட்டாசிய உப்பாக மாற்றியதனால் மூளைத்தாக்கு நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. அவ்வுப்பே சிறுநீரகம் பழுதுற்றார்க்கு உயிருக்கு ஊறு விளைக்கும். 'நெஞ்சுக்கேற்ற உப்பு' என்று வாங்கும் சிறுநீரக நோயாளிக்கு அவ்வெச்சரிக்கையைத் தமிழில் எழுதாதவன், அவன் உயிரோடு விளையாடுகின்றான். உமரியுப்பிலும் பெரும்பங்கு சோடிய உப்பே என்பதையும் மறைத்தல் கூடாது.

உண்மையைத் தமிழிற் சொல். பொய்யைத் தமிழிலும் சொல்லாதே. இதுவே நெறி. அந்நெறி நிற்கத் தமிழர் ஒன்றுபட்டுக் கேட்கவேண்டியவை இவை:

1. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வோர் உணவு உறையிலும் பெயர், உட்பொருள், உப்பின் அளவு, எச்சரிக்கை ஆகியவை தமிழிற் கட்டாயம் இருத்தல்வேண்டும். அடைப்புக்குறிக்குள் அன்று, முன்னே, பெரிதாக.

2. வரகு, தினை, சாமை, உமரி முதலிய பெயர்களை அரசும் கூட்டுறவுக் கடைகளும் அவ்வாறே வழங்குதல் வேண்டும்.

3. மழைத்திங்களில் வேலையற்றுப் போகும் அளத் தொழிலாளர்க்கு உமரி வளர்ப்பும் கீரை விற்பனையும் ஒரு துணைவாழ்வாகுமா என்பதை அரசு ஆய்ந்து, ஆகுமெனின் அதன் ஊதியம் அவர்க்கே சேரச் செய்தல் வேண்டும்.

அரசு செய்யும்வரை கைகட்டி நிற்றல் வேண்டா. கடைக்குச் செல்லும் தமிழன் ஒவ்வொருவனும் உறையைத் திருப்பிப் பார்க்க! தமிழ் இல்லையெனின், 'இதில் என்ன எழுதியிருக்கின்றது?' என்று கடைக்காரரைக் கேட்க! அவர் விழித்தால், தமிழ் உள்ள உறையைக் கேட்டு வாங்குக! நூறு பேர் கேட்டால் கடைக்காரர் வணிகனைக் கேட்பார். நூறாயிரவர் கேட்டால் சட்டம் செவிசாய்க்கும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்ந்த இனம், உப்பு விளைத்துத் தந்த மரக்காணத்துத் தாயை அவள் மொழியிலேயே நினைக்கட்டும்!