ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம்

போன சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் சைட் மூணு நாள் தொங்கினது ஞாபகம் இருக்கா? அந்த சர்வரைப் பார்த்துக்கிட்ட டீம்ல நானும் ஒருத்தன். நாங்க செஞ்ச ஒரே வைத்தியம் ரீஸ்டார்ட். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஓடும். அப்புறம் லோடு ஆவரேஜ் திரும்ப 40. இருந்ததோ நாலே கோர். "உன் கோடிங் சரியில்லை"ன்னு ஒரு தேர்டு இயர் தம்பி மேல பழியைப் போட்டோம். அவன் ரெண்டு ராத்திரி தூங்காம எல்லாத்தையும் மாத்தி எழுதினான். ஒரு பிரயோஜனமும் இல்லை.

மூணாவது நாள்தான் 'டாப்' கமாண்ட் காட்டுறதை முழுசாப் படிச்சோம். லோடு 40. ஆனா சிபியூ பெரும்பாலும் சும்மா இருக்கு!

லோடு ஆவரேஜ் என்பது சிபியூ எவ்வளவு பிஸி என்று சொல்லும் சதவீதம் இல்லை. சிபியூவில் ஓடுறதையும் அதுக்காகக் காத்திருக்கிறதையும் மட்டுமில்லாம, டிஸ்க் பதிலுக்காக 'டி' ஸ்டேட்ல உறைஞ்சு நிக்கிற ப்ராசஸ்களையும் லினக்ஸ் சேர்த்தே எண்ணும். 1993-லிருந்தே இப்படித்தான். மெஸ்ஸில் வரிசை நீளமா இருந்தா பரிமாறுற அண்ணன் மெதுன்னு அர்த்தமா? உள்ளே சாதம் இன்னும் வேகாம இருக்கலாம். அண்ணன் கரண்டியோட சும்மாதான் நிப்பார்.

எங்க 'சாதம்' வேற மெஷின்ல இருந்தது. ஐடி கார்டு போட்டோக்களை நெட்வொர்க் வழியா மவுன்ட் பண்ணின ஃபோல்டர்ல சேமிச்சோம். அந்த மெஷினோட டிஸ்க் செத்துக்கிட்டிருந்தது. ஒவ்வொரு அப்லோடும் அங்கே போய் மாட்டி, வரிசை நீண்டுக்கிட்டே போச்சு.

ரீஸ்டார்ட் தப்புன்னு சொல்லலை. சைட் உடனே எழுந்தாகணும்னா வேற வழி இல்லாமப் போகலாம். ஆனா அது தடயத்தையும் சேர்த்து அழிச்சிடும். அதனால முதல்ல அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. 'அப்டைம்' தர்ற 1, 5, 15 நிமிஷ எண்களைப் பாருங்க. லோடு ஏறுதா இறங்குதான்னு தெரியும். கோர் எத்தனைன்னு பாருங்க. 'விஎம்ஸ்டாட்'ல 'ஆர்' நீளமா, 'பி' நீளமா? 'ஆர்' கோர் எண்ணிக்கையைத் தாண்டினா சிபியூ பக்கம் தேடுங்க. 'பி' ஏறினா டிஸ்க், நெட்வொர்க் மவுன்ட் பக்கம் போங்க. 'பிஎஸ்'ல 'டி' ஸ்டேட்ல நிக்கிறது யாருன்னு எடுத்து ஒரு ஃபைல்ல சேமிங்க. அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணுங்க.

நாங்க அந்த அஞ்சு நிமிஷத்தை முதல் நாளே செலவு பண்ணியிருந்தா, தம்பிக்கு ரெண்டு ராத்திரி மிச்சம். அவன்கிட்ட நேர்ல மன்னிப்பு கேட்டாச்சு. அடுத்த சிம்போசியத்துக்கு சர்வரைப் பார்க்கப்போறது நீங்கதான். எண்ணைப் பார்த்ததும் ஆளைத் தேடாதீங்க. யார் எதுக்காகக் காத்திருக்காங்கன்னு தேடுங்க.