பாக்ஸ் ஆபீஸ் சண்டையை விளையாட்டா மாத்தலாமா? நண்பர்களோடு சினிமா லீக் தொடங்க ஈஸி கைடு!

பெரிய ஹீரோ படம் ரிலீஸாகும் வாரத்தில் எந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் ஒரே பஞ்சாயத்துதான். "முதல் நாளே 100 கோடி", "அதெல்லாம் உருட்டு", "எங்க ஆளு ரெக்கார்டைத் தொடக்கூட முடியாது" என்று ஆளாளுக்கு ஒரு போஸ்டரை ஃபார்வேர்டு செய்துகொண்டிருப்பார்கள். நான்கு நாள் கழித்துப் பார்த்தால், படத்தைப் பற்றிய பேச்சு எங்கேயோ போயிருக்கும். எட்டாம் வகுப்பிலிருந்து கூடவே வந்த நண்பன் குரூப்பைவிட்டு 'லெஃப்ட்' ஆகியிருப்பான்.

எப்படியும் வசூலைப் பற்றிப் பேசத்தான் போகிறோம். அதையே ஒழுங்கான ஒரு விளையாட்டாக மாற்றிவிட்டால்? அதுதான் இந்த வார வீக் எண்ட் ஐடியா: ஃபேன்டசி பாக்ஸ் ஆபீஸ் லீக்.

அப்படின்னா என்ன?

ஃபேன்டசி கிரிக்கெட் தெரியும்தானே? அதில் வீரர்களைத் தேர்ந்தெடுப்போம்; அவர்கள் நிஜ மேட்சில் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் நமக்குப் புள்ளியாகும். இங்கே வீரர்களுக்குப் பதில் படங்கள், ரன்னுக்குப் பதில் வசூல். அடுத்த சில மாதங்களில் வரப்போகும் படங்களை நண்பர்கள் ஏலத்தில் எடுத்து ஆளுக்கொரு 'டீம்' வைத்துக்கொள்ள வேண்டும். சீசன் முடிவில் யாருடைய படங்கள் அதிகம் வசூலித்தனவோ, அவர்தான் சாம்பியன்.

அமெரிக்காவில் இது பழைய விளையாட்டு. படங்களையும் நடிகர்களையும் பங்குகள் மாதிரி வாங்கி விற்கும் 'ஹாலிவுட் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்' என்ற இணையதளம் 1996-லேயே வந்துவிட்டது. அதில் புழங்கியது கற்பனைப் பணம்தான். பிறகு வந்த 'ஃபேன்டசி மூவி லீக்'கில், ஆடுபவருக்கு 8 ஸ்கிரீன் கொண்ட ஒரு கற்பனை தியேட்டரைக் கொடுத்தார்கள். கொடுத்த பட்ஜெட்டுக்குள் எந்தப் படத்தை எத்தனை ஸ்கிரீனில் ஓட்டலாம் என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அங்கே ஒரு வசதி உண்டு. வார இறுதி வசூல் விவரங்கள் முறையாகத் தொகுக்கப்பட்டு, திங்கட்கிழமைக்குள் எல்லோர் கைக்கும் வந்துவிடும். நம் ஊரில் அந்த வசதி இல்லை. நம் லீக்கில் முதல் வேலையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் விதி: எந்த நம்பர், யாருடைய நம்பர்?

தமிழ் சினிமாவுக்கு எல்லோரும் ஏற்கும் அதிகாரபூர்வ வசூல் பட்டியல் கிடையாது. தயாரிப்பு நிறுவனம் ஒரு போஸ்டர் விடும், டிரேட் டிராக்கர்கள் வேறு எண் சொல்வார்கள், இணையதளங்கள் இன்னொரு மதிப்பீடு தரும். இதில் பாதிக் குழப்பம் மூன்று வார்த்தைகளால் வருவது.

கிராஸ் என்பது டிக்கெட் விற்ற மொத்தப் பணம். அதிலிருந்து ஜி.எஸ்.டி, உள்ளாட்சி கேளிக்கை வரி போன்றவற்றைக் கழித்தால் வருவது நெட். அந்த நெட்டில் தியேட்டர்காரர் பங்கு போக, விநியோகஸ்தர் கைக்கு வருவது ஷேர். போஸ்டரில் பெரும்பாலும் இருப்பது உலகம் முழுவதற்குமான கிராஸ். உங்கள் நண்பர் ஆதாரம் காட்டுவது இந்தியா நெட்டாக இருக்கலாம். ஒரே படத்துக்கு இரண்டு எண் சொல்லி இரண்டு பேர் சண்டை போடுவார்கள். இருவர் சொல்வதும் சரியாகக்கூட இருக்கும்!

அதனால் ஏலத்துக்கு முன்பே மூன்று விஷயங்களை எழுதி குரூப்பில் 'பின்' செய்துவிடுங்கள்:

1. கணக்கில் எடுப்பது இந்தியா நெட் மட்டும்.
2. சாக்னில்க் போன்ற ஏதாவது ஒரே ஓர் இணையதளத்தின் எண்தான் இறுதி. அதுவும் மதிப்பீடுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதால் யாருக்கும் அநியாயம் இல்லை.
3. படம் வந்த 28-வது நாளுடன் கணக்கு முடியும். ஏறக்குறைய 4 வாரத்தில் பல தமிழ்ப் படங்கள் ஓ.டி.டி-க்கு வந்துவிடுவதால், இது சரியான எல்லை.

முதல் நாள் வரும் எண்ணை வைத்துப் புள்ளி போட வேண்டாம். அவை பிறகு மாறும். 28 நாள் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பார்க்கும் எண்ணே ஃபைனல். போஸ்டர், ஸ்கிரீன்ஷாட், "எங்க மாமா டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல இருக்காரு" எதுவும் செல்லாது.

எத்தனை பேர், எத்தனை படம்?

6 பேர் இருந்தால் சரியாக இருக்கும். ஆளுக்கு 4 படம் என்றால் மொத்தம் 24 படங்கள். ஆண்டுக்கு 200-க்கும் மேல் தமிழ்ப் படங்கள் வருகின்றன, அதனால் 3 மாத சீசனுக்குப் படப் பஞ்சம் வராது. ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை ஒரு சம்மர் சீசன், தீபாவளி தொடங்கிப் பொங்கல் வரை ஒரு பண்டிகை சீசன் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் சீசனில் நேரடித் தமிழ்ப் படங்கள் மட்டும் போதும். டப்பிங் படங்களையும் சேர்த்தால், ஒரு பிரமாண்ட தெலுங்குப் படத்தை எடுத்தவர் மற்ற எல்லோரையும் ஓரங்கட்டிவிடுவார். அனுபவம் வந்தபிறகு, 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மாதிரி தமிழ்நாட்டில் கலக்கிய மலையாளப் படங்களையும் சேர்க்க ஒரு விதி எழுதிக்கொள்ளலாம்.

ஏலம்தான் உயிர்நாடி!

சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசையாகப் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் முதல் சீட்டு வந்தவர் அந்த சீசனின் மிகப்பெரிய ஸ்டார் படத்தை எடுத்துக்கொண்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதனால் ஐ.பி.எல் மாதிரி ஏலம் வையுங்கள். ஆளுக்கு 100 பாயின்ட் பட்ஜெட். 4 படங்களையும் அதற்குள் வாங்க வேண்டும். அதில் 2 படங்களாவது சின்னப் படமாக இருக்க வேண்டும். எது சின்னப் படம் என்பதை ஏலத்துக்கு முன்பே பட்டியல் போட்டுப் பேசி முடித்துவிடுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஸ்டார் படத்தை 70 பாயின்ட் கொடுத்து வாங்குகிறார். அது 150 கோடி எடுக்கிறது என்று வைப்போம். பாயின்ட்டுக்கு சுமார் 2 கோடி. இன்னொருவர் ஒரு சின்னப் படத்தை 20 பாயின்ட்டுக்கு வாங்குகிறார். அது 50 கோடி எடுக்கிறது. பாயின்ட்டுக்கு 2.5 கோடி! முதலாமவரிடம் மீதி 3 படத்துக்கு இருப்பது 30 பாயின்ட்தான். இரண்டாமவரிடமோ இன்னும் 80 பாயின்ட் இருக்கிறது. இந்த லீக்கை ஜெயிக்கவைப்பது பெரும்பாலும் யாரும் கவனிக்காத இரண்டாவது, மூன்றாவது படம்தான்.

இதற்கு நிஜ உதாரணங்கள் நிறைய உண்டு. 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வுடன் வந்தது சசிகுமார், சிம்ரன் நடித்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. புதுமுக இயக்குநரின் படம். வாய்வழிப் பேச்சிலேயே வாரக்கணக்கில் ஓடியது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த 'டிராகன்' 100 கோடியைத் தாண்டியது. 2024 செப்டம்பரில் 'லப்பர் பந்து' வந்தபோது, ரிலீஸுக்கு முந்தைய நாள் அதை யார் முதல் ஆளாக ஏலம் எடுத்திருப்பார்கள்?

உச்சக்கட்ட உதாரணம் 2025 பொங்கல். எல்லோரும் எதிர்பார்த்த 'விடாமுயற்சி' கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. 2013-லேயே வந்திருக்க வேண்டிய 'மத கஜ ராஜா' 12 ஆண்டுகள் கழித்துத் திரைக்கு வந்து, அந்தப் பொங்கலின் வெற்றிப் படமானது. லீக்கில் அதை 1 பாயின்ட்டுக்கு வாங்கியவர் இருந்திருந்தால், அவருக்குக் கோயில்தான் கட்டியிருக்க வேண்டும்!

'விடாமுயற்சி' கதையிலிருந்து ஒரு விதியும் கிடைக்கிறது. படம் சீசனைத் தாண்டித் தள்ளிப்போனால், விலைபோகாத படங்களிலிருந்து ஒன்றை மாற்றாக எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒருமுறை மட்டும்.

புள்ளி போடுவது எப்படி?

1 கோடி நெட்டுக்கு 1 புள்ளி. அவ்வளவுதான். கூடவே ஒரு போனஸ் வையுங்கள். முதல் சனி, ஞாயிறு வசூலில் பாதியையாவது இரண்டாவது சனி, ஞாயிறும் எடுத்தால், அந்தப் படத்துக்கு 15 புள்ளி போனஸ். வியாழன், வெள்ளி என எந்த நாளில் ரிலீஸானாலும் சனி, ஞாயிறை மட்டும் ஒப்பிடுவதால் குழப்பம் வராது. முதல் சனி, ஞாயிறில் 1 கோடியாவது எடுத்த படத்துக்கே இந்த போனஸ் உண்டு என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வாரக் கூட்டம் ஹீரோவுக்காக வருவது. இரண்டாவது வாரக் கூட்டம், படம் பார்த்தவர் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வதால் வருவது. கணிக்கக் கஷ்டமானது இரண்டாவதுதான், அதற்குத்தான் இந்தப் பரிசு.

ஏலத்துக்கு முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

* தேதி: இரண்டு பெரிய படங்கள் ஒரே நாளில் மோதினால் ஸ்கிரீன்கள் பிரியும். 2023 ஜனவரி 11 அன்று 'வாரிசு', 'துணிவு' இரண்டும் ஒன்றாக வந்தது நினைவிருக்கும். பண்டிகை விடுமுறை எத்தனை நாள் என்பதையும் காலண்டரில் பாருங்கள்.
* தேர்வுக் காலம்: மார்ச்சில் பொதுத்தேர்வு இருக்கும் வீட்டில் யாரும் குடும்பத்தோடு தியேட்டருக்குக் கிளம்ப மாட்டார்கள்.
* சான்றிதழ்: 2025 ஆகஸ்ட்டில் 'கூலி' ஏ சான்றிதழுடன் வந்தது. ரஜினி படமாக இருந்தும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பார்க்க முடியவில்லை. குழந்தைகள் வரவில்லை என்றால் அப்பா, அம்மா, பாட்டி டிக்கெட்டும் சேர்ந்து போகும்.
* முன்பதிவு: டிக்கெட் ஆப்களில் தெரியும் விற்பனை வேகம் முதல் நாளுக்கு நல்ல அறிகுறி. இரண்டாவது வாரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.
* ஹைப்: 'இந்தியன் 2', 'கங்குவா' இரண்டும் 2024-ல் எவ்வளவு எதிர்பார்ப்போடு வந்தன, பிறகு என்ன ஆயின என்பதை ஏலத்தில் கை தூக்கும் முன் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வேண்டவே வேண்டாம்!

"ஆளுக்கு 500 ரூபாய் போடுவோம், ஜெயிக்கிறவன் எடுத்துக்கட்டும்" என்று ஒரு குரல் கண்டிப்பாக வரும். அங்கேயே நிறுத்துங்கள். மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் இல்லாமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. ஃபேன்டசி கிரிக்கெட் நிறுவனங்களே பணப் போட்டிகளை நிறுத்தவேண்டி வந்தது. நாளைக்கு யாராவது "சினிமா லீக்ல பணம் கட்டி ஆடுங்க" என்று லிங்க் அனுப்பினால், அதைத் தொடவே தொடாதீர்கள்.

சட்டத்தைவிட முக்கியம் நட்பு. பணம் உள்ளே வந்த நிமிடமே 2 கோடி வித்தியாசத்துக்கு விடிய விடிய சண்டை நடக்கும். வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஆட முடியாது. தண்டனையும் பரிசும் சிரிக்கிற மாதிரி இருக்கட்டும். தோற்றவர் ஒரு வாரம் குரூப் டி.பி-யில் ஜெயித்தவரின் படப் போஸ்டரை வைக்கலாம். அடுத்து எல்லோரும் சேர்ந்து போகும் படத்தை ஜெயித்தவர் தேர்ந்தெடுக்கலாம். இன்டர்வெல்லில் கேன்டீன் வரிசையில் நிற்கும் பொறுப்பு கடைசி இடத்துக்கு!

நடுவராக விளையாடாத ஒருவரைப் போடுங்கள். எந்த ஹீரோவுக்கும் ரசிகராக இல்லாத சித்தி, கணக்கில் கறாரான தாத்தா என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

ஒரு சின்ன வேண்டுகோள்

நண்பரின் டீமில் இருக்கிறது என்பதற்காக, பார்க்காத படத்தை "மொக்கை" என்று பரப்ப வேண்டாம். திருட்டு வீடியோ லிங்க் அனுப்பினால் மொத்த டீமும் டிஸ்குவாலிஃபை என்று விதியே போடுங்கள்.

வசூல் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியலும் வையுங்கள். சீசன் முடிவில் ஒவ்வொருவரும், வசூலைப் பார்க்காமல், "இதை நீங்க எல்லாரும் கட்டாயம் பார்க்கணும்" என்று ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். 'மெய்யழகன்' மாதிரி ஓ.டி.டி-க்கு வந்தபிறகு இன்னும் பலர் கொண்டாடிய படங்கள் இருக்கின்றன. கோடிக் கணக்கில் பின்தங்கிய அப்படி ஒரு படம் உங்கள் குரூப்பின் பட்டியலில் முதலிடம் பிடிக்கலாம்.

இந்த லீக்கில் ஒரு சீசன் ஆடினால் இன்னொன்றும் நடக்கும். அஜித் ரசிகரின் டீமில் விஜய் படம் இருக்கும், விஜய் ரசிகர் ஒரு புதுமுக இயக்குநரின் படம் ஓட வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருப்பார். இதுவரை பெயரே கேள்விப்படாத படத்தின் டிரெய்லரைத் தேடிப் பார்ப்பீர்கள். "என் படம்பா, வா போலாம்" என்று நண்பர்களை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போவீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு 1 மணி நேரம் ஒதுக்குங்கள். வரப்போகும் படங்களின் பட்டியல், ஒரு கூகுள் ஷீட், ஒரு நடுவர், 6 பேர். ஏலம் ஆரம்பிக்கலாம்.

அடுத்த வாரம் இன்னொரு வீக் எண்ட் ஐடியாவோடு சந்திப்போம் மக்களே!